பேறுகால ஆபத்தும் காலந்தாழா உதவியும்

திருச்சிராப்பள்ளிக் குன்றிலே எழுந்தருளியிருக்கும் சிவபெருமான் தாயுமானவர் என்னும் திருநாமம் பெற்ற வரலாறு சைவ மக்கள் நன்கறிந்ததொன்று. சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் அதனை விரித்துரைக்கின்றது. இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் சூல்முற்றித் தன் தாயின் வரவை எதிர்நோக்கியிருந்தாள். மகளுக்கு உதவப் புறப்பட்ட தாய், காவிரியிலே வெள்ளம் பெருகியமையால் அக்கரையிலேயே தடைப்பட்டு நின்றாள். இக்கரையில் நோவு தொடங்கிற்று. துணை எவருமில்லை. அந்நிலையில் இறைவனே தாயின் வடிவந் தாங்கி வந்து மகப்பேறு பார்த்தான் என்பதே அவ்வரலாறு. அக்கோயில் திருவிழாவிலே செட்டிப்பெண் மருத்துவம் என்னும் பெயரால் அந்நிகழ்ச்சி நடித்துக் காட்டப்பெறுகின்றது.

அன்பர்க்கு இது அருளின் வரலாறு. வரலாற்று மாணவனுக்கோ இதனுள் வேறொரு செய்தியும் உண்டு. பேறுகாலத்து ஆபத்தின் இயல்பை இக்கதை மிகத் தெளிவாக உணர்த்துகின்றது. நோவு வருவது நாள்பார்த்து அன்று. உதவி செய்ய வல்லவர் தொலைவிலிருக்கின்றார். இருவர்க்குமிடையே ஓர் ஆறு குறுக்கிடுகின்றது. இம்மூன்றும் ஒருங்கு கூடியவிடத்து எத்தனையோ தாய்மார் எத்தனையோ நூற்றாண்டுகளாக உயிரிழந்தனர். இறைவன் ஒருத்திக்குச் செய்த அருளை எல்லாத் தாய்மார்க்கும் கிட்டச் செய்தல் நாகரிக சமுதாயத்தின் கடனாகும். அக்கடனைச் சிறிய நாடாகிய இலங்கை எவ்வாறு ஆற்றியது, எங்கெங்கே ஆற்றத் தவறியது என்பது ஆராயத்தக்கது. பெரிய வைத்தியசாலைகளை எழுப்பியமையால் மாத்திரம் அப்பணி நிறைவேறவில்லை. ஆபத்தை வீட்டு வாயிலிலேயே கண்டறியவல்ல பயிற்சி பெற்ற பெண், வைத்தியசாலைக்குச் செல்லும் வழி, எந்நேரமும் திறந்திருக்கும் கதவு ஆகிய மூன்றும் இணைந்தபோதே தாய்மாரின் உயிர் காக்கப்பட்டது. இவற்றுள் ஒன்று அறுந்தவிடத்து ஏனைய இரண்டும் பயனற்றுப் போயின.

ஆபத்தின் இயல்பு

கர்ப்பம் நோயன்று. பெரும்பாலான தாய்மார் இடர் யாதுமின்றி மகவீன்று நலம் பெறுகின்றனர். ஆயினும், எத்தாய்க்கு எப்பொழுது இடர் நேரும் என்பதை முன்கூட்டியே முற்றாக அறிந்துகொள்ளுதல் இன்றைய வைத்திய அறிவுக்கும் இயலாததாகும். முதன் மாதங்களிலே கருப்பைக்குப் புறத்தே கருத்தரித்து உள்ளே குருதி பெருகலாம். பிந்திய மாதங்களிலே குருதியழுத்தம் உயர்ந்து வலிப்புக் காணலாம். பேற்றின்போது குழந்தை குறுக்கே கிடந்து வழியடைபடலாம். பேற்றின்பின் கருப்பை சுருங்காது குருதி ஆறாய்ப் பெருகலாம். சில நாட் கழித்துக் காய்ச்சல் கண்டு கிருமி உடலெங்கும் பரவலாம்.

இவ்விடர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கால எல்லை உண்டு. உதவி கிட்டாதவிடத்து, பேற்றின் பின்னான குருதிப்பெருக்கு ஏறக்குறைய 2 மணி நேரத்திலே தாயின் உயிரைக் கவரும் என்றும், பேற்றின் முன்னான குருதிப்பெருக்கு 12 மணி நேரத்திலும், வலிப்பு 2 நாளிலும், அடைபட்ட பேறு 3 நாளிலும், கிருமித்தொற்று 6 நாளிலும் உயிரைப் போக்கும் என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். இக்கணக்கினை மனத்திற் கொண்டே தேசப்படத்தை நோக்குதல் வேண்டும். இரண்டு மணி நேரத்திலே மாட்டுவண்டி எத்தனை கல் செல்லும்? கடல் கொந்தளிக்கும் மாரி நாளிலே நெடுந்தீவிலிருந்து ஒரு தோணி எப்பொழுது கரைசேரும்? ஒரு தாய் வாழ்வதும் மாள்வதும் இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்திருந்தன.

அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தடேயஸ், மெய்ன் என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர் 1994இல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலே, தாய்மாரின் மரணத்துக்கு ஏதுவாகும் தாமதங்களை மூன்றாக வகுத்துக் காட்டினர். உதவி நாடவேண்டும் என்று துணிவதிலே நேருந் தாமதம் முதலாவது. வைத்தியசாலையைச் சென்றடைவதில் நேருந் தாமதம் இரண்டாவது. சென்றடைந்தபின் தக்க வைத்தியம் பெறுவதில் நேருந் தாமதம் மூன்றாவது. வீடு, வழி, வைத்தியசாலை என்று இவற்றைச் சுருக்கிக் கூறலாம். இலங்கை வரலாற்றை இம்மூன்று தலைப்புக்களின் கீழ் நோக்கின் பல செய்திகள் விளக்கமடைகின்றன.

பண்டைச் சான்றுகள்

பேறுகாலத் தாய்க்கு அரசன் உதவவேண்டும் என்னும் கருத்து இலங்கைக்குப் புதியதன்று. பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தை அமைத்தபோது எழுப்பிய கட்டடங்களுள் 'சிவிகாசாலை' என்பதொன்று மகாவம்சத்திற் கூறப்படுகின்றது. அச்சொல்லுக்கு மகாவம்சத்தின் உரையாசிரியர் இரு பொருள் தருகின்றார். சிவலிங்கம் தாபிக்கப்பட்ட சாலை என்பது ஒன்று; மகப்பேற்றுச் சாலை என்பது மற்றொன்று. இவற்றுள் எது பொருத்தமானதென அறிஞர் வாதிட்டுள்ளனர். எதுவாயினும், உரையாசிரியர் வாழ்ந்த காலத்திலே மகப்பேற்றுக்கெனத் தனிச்சாலை அமைத்தல் மக்கள் அறிந்த வழக்கமாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

கி. பி. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாச மன்னன் தானே வைத்தியத்தில் வல்லவனாயிருந்தான். கருவிலே குழந்தை நிலைமாறிக் கிடந்தமையால் துன்புற்ற ஒரு சண்டாளப் பெண்ணை அவன் காத்தான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. சுசுருதர் மூடகர்ப்பம் எனத் தனித்து ஆராய்ந்த இடரே இது. குலத்தாற் கடைப்பட்டவளெனக் கருதப்பட்ட ஒருத்திக்கு மன்னனே வைத்தியம் புரிந்தான் என்று ஒரு வரலாற்று நூல் எடுத்துரைப்பது கருதற்பாலது. அம்மன்னன் பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியர் வீதம் நியமித்தான் என்பதூஉம் அந்நூலிற் காணப்படும். அவன் மைந்தன் உபதிஸ்ஸன் முடவர், குருடர், நோயாளர் ஆகியோருக்கும் பேறுகாலப் பெண்களுக்கும் சாலைகள் அமைத்தான். வைத்தியரை ஊருக்கு அண்மையில் வைத்தலே உதவியின் முதற்படி என்னும் உண்மையை அக்காலத்தவரும் உணர்ந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்து வைத்திய மரபிலும் இத்துறை புறக்கணிக்கப்படவில்லை. யாழ்ப்பாண மன்னர் காலத்ததாகக் கொள்ளப்படும் பரராசசேகரம் என்னும் பெருநூலிலே கெர்ப்பரோக நிதானம் தனிப்பகுதியாக அமைந்துள்ளது. ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையா அவர்கள் இந்நூலைத் தேடித் தொகுத்து அச்சேற்றியமை தமிழுலகுக்குச் செய்த அரும்பணியாகும். ஆயினும், ஏட்டிலிருந்த அறிவு பேறு நிகழும் அறைக்குட் புகுந்ததா என்பது வேறு வினா. ஆண்வைத்தியர் அவ்வறைக்குட் புகுதல் வழக்கமன்று. அங்கே ஆட்சி செலுத்தியவள் ஊர் மருத்துவிச்சியே.

ஊர் மருத்துவிச்சியை இகழ்ந்துரைத்தல் நன்றியுடைய செயலன்று. பரம்பரையாகப் பெற்ற கைத்திறனும், நடுச்சாமத்திலும் அழைத்தவுடன் வரும் மனமும் அவளிடமிருந்தன. எண்ணிறந்த குழந்தைகள் அவள் கையிலேயே பிறந்தன. ஆனால் இயல்பான பேற்றிலே வல்லவளாயிருந்த அவள், இயல்பு பிறழ்ந்தவிடத்துக் கையற்றவளானாள். கருவுற்ற பெண்களையும் குழவிகளையும் கொத்தி என்னும் பேய் பற்றும் என்ற நம்பிக்கை அந்நாளில் வலுப்பெற்றிருந்தது. வலிப்பிலே துடிக்கும் பெண்ணுக்குப் பேயோட்டக் கழிப்புச் செய்துகொண்டிருக்கும் வீட்டிலே, வைத்தியரை நாடும் எண்ணம் பிந்தியே தோன்றும். வீட்டிலே நேருந் தாமதம் என்பது இதுவே. அறியாமை மாத்திரம் இதற்குக் காரணமன்று. நாடிச் செல்வதற்கு ஓர் இடம் இல்லாத காலத்திலே, உள்ளதைக் கொண்டு அமைதலன்றி அம்மக்களுக்கு வேறு வழியுமில்லை.

1847ஆம் ஆண்டு

மகப்பேற்று வைத்திய வரலாற்றில் 1847ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டிலே எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரபோம் என்னும் மயக்க மருந்தைப் பேறுகாலத்திற் பயன்படுத்தினார். அவ்வாண்டிலேயே வியன்னா நகரத்துப் பெருவைத்தியசாலையில் செமல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் ஒரு பேருண்மையைக் கண்டார்.

அவ்வைத்தியசாலையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றிலே வைத்திய மாணவரும் மற்றதிலே மருத்துவிச்சி மாணவியரும் பயின்றனர். 1846இல் முதலாவதில் நூற்றுக்குப் பதினொருவர் அளவில் தாய்மார் இறந்தனர். இரண்டாவதில் இறந்தோர் நூற்றுக்கு மூவரிலும் குறைவு. முதற் பகுதியில் அனுமதிக்க வேண்டாமெனப் பெண்கள் அழுது மன்றாடினர். பிணங்களை அறுத்துப் பயின்ற கையோடு மாணவர் தாய்மாரைப் பரிசோதித்தமையே இவ்வழிவுக்குக் காரணமெனச் செமல்வைஸ் உணர்ந்து, குளோரின் கலந்த நீரிற் கைகழுவுமாறு கட்டளையிட்டார். 1848இல் அப்பகுதியின் மரணம் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்கு வீழ்ந்தது. வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சிய பெண்களைப் பேதையர் என்று கூறுதல் முறையன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே நிகழ்வதும் தூயதாயிருத்தல் வேண்டும்.

அதே 1847ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயிலே வைத்தியமும் வைத்தியக் கல்வியும் அவராற் சிறப்புற்றன. மேனாட்டு வைத்தியத்தை இந்நாட்டு மக்கள் மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1864 முதல் தமிழிலேயே வகுப்புக்களை நடத்தினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் மொழிபெயர்த்த நூல்களுள், மோன்செல் என்பார் எழுதிய பிரசவ வைத்திய நூல் 1857இல் வெளிவந்தது. உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிலும் அவர்கள் தமிழ் நூல்கள் ஆக்கினர். பிரசவ வைத்தியம் முற்பட்ட நூல்களுள் ஒன்றாக இடம்பெற்றமை, அக்காலத்துத் தேவை எதுவென்பதைக் காட்டுகின்றது. ஆயினும் கிறீன் பயிற்றிய மாணவர் யாவரும் ஆடவரே. நூல் தமிழில் வந்தது; பேற்றறையின் வாயில் மாத்திரம் அடைத்தபடியே கிடந்தது.

கதவு திறந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் இலங்கையிற் பேறுகாலத் தாய்மார்க்கெனத் தனி வைத்தியசாலைகள் தோன்றின. வள்ளல் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா அவர்களின் கொடையினால் 1879இல் கொழும்பிலே டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. மருத்துவிச்சிகளுக்கு முறைப்படி பயிற்சியளிக்கும் இடமாகவும் அது வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் அவர்களின் முயற்சியால் 1850இல் 'பிரெண்ட் இன் நீட்' சங்கத்தின் வைத்தியசாலை தோன்றி, 1907இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது.

பெண்களின் மனத்தடையை நீக்கியது இணுவில் வைத்தியசாலை எனலாம். மேரி, மார்கரெட் என்னும் லீச் சகோதரியர் வெளிநாடுகளிலே திரட்டிய பொருளைக் கொண்டு பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலிலே மக்லியோட் வைத்தியசாலை 1898இல் நிறுவப்பட்டது. இசபெல்லா கேர் என்னும் பெண் வைத்தியர் அங்கு நெடுங்காலம் பணிபுரிந்தார். பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்கும் இடமெனக் கண்டபின், ஆசாரம் மிக்க சைவக் குடும்பங்களும் அவ்வாயிலை மிதிக்கத் தயங்கவில்லை. மதத்தால் வேறுபட்ட ஒரு தாபனத்தின்மீது மக்கள் நம்பிக்கை வைத்தமைக்கு மதம் காரணமன்று. தாய் உயிரோடு வீடு திரும்பியமையே காரணம். யாழ்ப்பாணத்திலே 'இணுவிலிற் பிறந்தவர்' எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் பலர் இணுவிலூரினர் அல்லர் என்பது பெரியோர் அறிந்ததே.

ஆயினும், நாடு முழுவதையும் நோக்குமிடத்து இவை விரல்விட்டு எண்ணத்தக்க சில விளக்குகளே. 1867இல் பிறப்பு இறப்புப் பதிவுமுறை ஏற்பட்டபின் துயரத்தின் அளவு எண்களாகத் தெரியலாயிற்று. 1930களில், உயிருடன் பிறந்த ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் என்னும் வீதத்தில் மரணம் நிகழ்ந்தது. ஐம்பது பேற்றுக்கு ஒரு தாய் என்பது அதன் பொருள். ஆறேழு பிள்ளைகளைப் பெறுவது இயல்பாயிருந்த அக்காலத்திலே, ஒருத்தி தன் வாழ்நாளில் இவ்வாபத்தை ஆறேழு முறை எதிர்நோக்கினாள் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

வாயிலுக்கு வந்த மருத்துவமாது

இந்நிலையை மாற்றிய முயற்சி 1926இல் களுத்துறையிலே தொடங்கிற்று. றொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கு அமைக்கப்பட்டது. நோய் வந்தபின் வைத்தியசாலையிற் காத்திருந்து வைத்தியம் பார்க்கும் முறைக்கு மாறாக, நோய் வருமுன் வீடு தேடிச் செல்லும் முறை அங்கு கைக்கொள்ளப்பட்டது. ஒரு குறித்த பகுதியிலுள்ள கர்ப்பவதிகள் யாவரையும் மருத்துவமாது பெயரெழுதி அறிந்துகொண்டாள். மாதந்தோறும் அவர்களைக் கண்டு, இடர்க்குறி தோன்றியவர்களைக் கிளினிக்குக்கும் வைத்தியசாலைக்கும் அனுப்பினாள். 1927ஆம் ஆண்டின் வைத்தியக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரின் பதிவுக்கும் ஒழுங்குக்கும் இடமளித்தது. களுத்துறை முறை படிப்படியாக ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது.

இடையிலே 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாப் பெருங்கொள்ளை நாட்டை உலுக்கியது. ஏறக்குறைய 80,000 மக்கள் அதனால் மடிந்தனர். மலேரியாவினாற் குருதி குன்றிய கர்ப்பவதிக்குச் சிறு குருதியிழப்பும் தாங்கொணாததாகும். அதன்பின் பல நன்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1935இல் கருப்பையைச் சுருங்கச் செய்யும் எர்கோமெற்றின் மருந்து கண்டறியப்பட்டது. 1936இல் இலண்டனிலே கோல்புறூக் என்பார் சல்பா மருந்தின் முன்னோடியால் பேறுகாலக் காய்ச்சலை வெல்லலாமெனக் காட்டினார். அவற்றின்பின் பெனிசிலின் வந்தது. 1940களின் நடுப்பகுதி தொடக்கம் டி.டி.ரி. தெளித்து மலேரியா அடக்கப்பட்டது. 1931இல் பெண்களும் வாக்குரிமை பெற்றமையால் ஊர்தோறும் வைத்தியசாலை வேண்டுமென்னும் குரலுக்கு மதிப்பு ஏற்பட்டது. 1945இல் வந்த இலவசக் கல்வி, எழுத்தறிந்த தாய்மாரின் தொகையைப் பெருக்கியது.

இவற்றின் பயனாகத் தாய்மார் மரணம் வியக்கத்தக்க விரைவிற் குறைந்தது. 1947இல் இலட்சத்துக்கு 1000க்கு மேலிருந்த வீதம் 1950இல் 600க்குக் கீழிறங்கியது. 1960 அளவில் 300 என்னும் நிலையை அடைந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் 100இலும் மிகக் குறைந்தது. பிற்காலத்தில் 30க்கும் 40க்கும் இடைப்பட்ட அளவில் நின்றது. இப்பெரும் வீழ்ச்சியில் எப்பங்கு மலேரியா ஒழிப்புக்குரியது, எப்பங்கு மருந்துக்குரியது, எப்பங்கு மருத்துவமாதருக்குரியது என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடலாம். ஒன்று மாத்திரம் தெளிவு. இவ்வீழ்ச்சி தொடங்கிய காலத்திலே மிகப் பல குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தன. எல்லாத் தாய்மாரும் வைத்தியசாலைக்குச் சென்றமையால் அன்று. செல்லவேண்டிய தாய் எவளென வீட்டிலேயே அறிந்து அனுப்பும் ஒருத்தி இருந்தமையாலேயே முதலடி எடுத்து வைக்கப்பட்டது.

இங்கிலாந்தின் வரலாறும் இதனை வலியுறுத்தும். செல்வத்திற் சிறந்த அந்நாட்டிலே 1930களின் நடுப்பகுதி வரையில் தாய்மார் மரணம் இலட்சத்துக்கு 400 அளவிலிருந்து குறையாமலே நின்றது. 1929இல் நியூகாசில் நகரத்து வைத்தியர் பார்கர் மறே, ஆபத்திலுள்ள தாயை வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்வதினும், வைத்தியரையும் கருவிகளையும் தாயிடம் விரைந்து அனுப்புதல் நன்றெனக் கூறினார். குருதியிழந்து துவண்ட பெண் வண்டியிற் குலுங்கிச் செல்லும் வழியிலேயே இறப்பதை அவர் கண்டிருந்தார். அதன்வழித் தோன்றிய 'பறக்கும் படை' என்னும் மகப்பேற்று உதவிக் குழுக்கள் 1930கள் தொடக்கம் ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்திலும் பல்லாயிரந் தாய்மாருக்கு உதவின. இலங்கை இதற்கு மாறான வழியை மேற்கொண்டது. வாயிலில் மருத்துவமாதையும் அண்மையிற் சிறு வைத்தியசாலையையும் வைத்து, இடருடையாரைப் பெரிய வைத்தியசாலைக்கு அம்புலன்சில் அனுப்பிற்று. வறிய நாட்டுக்கு இதுவே இயன்றது. இதுவே நிலைத்தும் நின்றது.

வழி அறுந்த இடங்கள்

நாட்டின் சராசரி எண் யாவருடைய கதையையும் கூறாது. மலையகத் தோட்டங்களிலே கதை வேறாயிருந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கெனச் சட்டம் 1872இலேயே வந்தது. பேறுகாலக் கொடுப்பனவுக்குரிய சட்டமும் 1939இல் வந்தது. ஆயினும் லயத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் வழி சட்டத்தால் குறுகிவிடவில்லை. கொழுந்தேற்றும் லொறியே நோவுற்ற பெண்ணையும் ஏற்றிச் செல்லவேண்டிய நிலை பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று. தோட்டச் சுகாதாரம் நாட்டின் பொதுச் சேவையோடு இணைவதிலே ஏற்பட்ட தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள், நாட்டுக்கு ஏற்றுமதிச் செல்வம் ஈட்டித் தந்த அத்தாய்மாரே.

வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலம் இவ்வுண்மையை மிகக் கொடிய முறையில் உணர்த்திற்று. 1990 தொடக்கம் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமிழந்தது. கண்டி வீதி அடைபட்டது. 1990களின் தொடக்கத்திலே கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளமேறிக் கடத்தலே மக்களுக்கு வழியாயிருந்தது. அவ்வழியிற் பலர் உயிரிழந்தனர். ஊரடங்கு நிலவிய இரவுகளில் நோவு கண்ட பெண்ணை வீதிக்குக் கொண்டு செல்லுதலே உயிரோடு விளையாடுதலாயிற்று. விசேட வைத்தியர் குறைந்தனர், மருந்து குறைந்தது. அரை நூற்றாண்டு முயன்று கட்டிய சங்கிலியின் கரணைகள் ஒவ்வொன்றாய் அறுந்தன. அந்நாட்களிலே தத்தம் இடம்விட்டு நீங்காது, மண்ணெண்ணெய் விளக்கொளியிலே பேறு பார்த்த மருத்துவமாதரும் தாதியரும் வைத்தியரும் செய்த தொண்டு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. எழுதப்படவேண்டிய வரலாறு அது.

போர் முடிந்தபின் வழிகள் திறந்தன. 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய அரசின் உதவியோடு 'சுவசெரிய' என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்தவிடத்து அவ்வண்டி வீட்டு வாயிலுக்கு வரும். 2018இல் அச்சேவை வட மாகாணத்திலும் தொடங்கி, அடுத்த ஆண்டுக்குள் நாடெங்கும் பரவியது. ஆயினும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மருத்துவமாது வீடுகளுக்குச் செல்லவும் கர்ப்பவதிகள் கிளினிக்குக்குச் செல்லவும் இடர்ப்பட்டனர். வைத்தியசாலை இருந்தது, வைத்தியர் இருந்தனர், வழி மாத்திரம் மீண்டும் அறுந்தது. நெடுந்தீவு முதலிய தீவுகளில் கடல் இன்றும் இடையே நிற்கின்றது.

வரலாறு கூறும் பாடம்

2020ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறக்குறைய 2,87,000 தாய்மார் கர்ப்பத்தாலும் பேற்றாலும் நேர்ந்த இடர்களால் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் தடுக்கத்தக்க காரணங்களாலேயே மடிந்தனர். இம்மரணங்கள் விதியென்று கொள்ளுதற்குரியன அல்ல என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று. செல்வ நாடாகும்வரை காத்திராமல் தன் தாய்மாரைக் காத்த நாடு இது. 1980கள் தொடக்கம் இங்கு நிகழும் தாய் மரணம் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, எத்தாமதத்தால் நேர்ந்ததென ஆராயும் முறை கைக்கொள்ளப்பட்டது. எண்ணாகக் கழித்துவிடாமல், ஒவ்வொருத்தியின் இறப்புக்கும் காரணங் கேட்கும் இவ்வழக்கம் அரசியல் அறத்தின் சிறந்த கூறாகும்.

ஆயினும் இவ்வெற்றி கல்லிற் கட்டிய கோயில்போல் ஒருமுறை எழுப்பியபின் தானே நிற்பதன்று. நாளாந்தம் முறுக்கவேண்டிய கயிறு போன்றது. மருத்துவமாதின் பதவி வெற்றிடமாய்க் கிடக்கும் ஊரிலும், அம்புலன்ஸ் பழுதுற்றுக் கிடக்கும் வைத்தியசாலையிலும், 'விடியட்டும் பார்க்கலாம்' என்று இருந்துவிடும் வீட்டிலும் அது இழை இழையாய் அறுகின்றது. முதலிரண்டும் அரசாங்கத்தின் பொறுப்பு. மூன்றாவது கற்றோர் ஒவ்வொருவரின் பொறுப்பு. கடுந்தலைவலியும் கண்மங்கலும், முகமுங் கையும் வீங்குதலும், குருதி காணுதலும், குழந்தையின் அசைவு குறைதலும் விடியும்வரை காத்திருக்கத்தக்க குறிகள் அல்ல என்பதை, உயர்வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டாருக்கு எடுத்துரைக்கக் கற்றிருப்பானாயின், அவன் கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்கும். தாமதத்தின் முதற்படி வீட்டிலேதான் உள்ளது. அதனை நீக்குவதற்குப் பெரும்பொருளும் வேண்டியதில்லை. அறிவும் துணிவுமே வேண்டும்.